காலி மேகசினைக் கீழே போடுவதா, பையில் வைப்பதா

பேரவையின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்கு வந்த இரண்டு பேர் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்கள். கிழக்கு ஆக்லாந்து தமிழ்ச் சிறுவணிகர் நலன், பாதுகாப்பு மற்றும் தற்காப்புப் பேரவை. இதில் நலன் எங்கே, பாதுகாப்பு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். 2017ஆம் ஆண்டு முழுக்க அங்கே நடந்தது தற்காப்பு மட்டும்தான். அதிலும் ஒரேயொரு விஷயம்: கள்ளனைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது கைத்துப்பாக்கியில் தோட்டா தீர்ந்துபோனால், தோட்டா அடைத்திருந்த அந்த மேகசினைக் கழற்றி வேறு போடுகிறோம் அல்லவா, கழற்றிய காலி மேகசினை என்ன செய்வது?

பேரவையில் முப்பத்தொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் துப்பாக்கி வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை.

புஷ்பவதிக்கு இதெல்லாம் முன்னமே தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள். பாவம், அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கையெழுத்தும் ஒரு சீலும். பக்குரங்காவில் அவளுக்கு ஒரு டெய்ரி இருந்தது. பால், பாண், சிகரெட், ஐஸ்கிரீம், மழைக்காலத்தில் குடை, எல்லாம் விற்கும் மூலைக்கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வயதானோர் இல்லத்தில் பத்து வருடம் வேலை செய்து, ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய கடை. அந்தக் கடையின்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வருகிற சந்தோஷம் வேறெதிலும் வருவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்வாள்.

பெப்ரவரியில் ஒரு நட்டநடு மத்தியானம் கறுப்பு ஹூடி போட்ட ஒருவன் சுத்தியலோடு வந்தான். பிடியில் சிவப்பு டேப் சுற்றிய சுத்தியல். முதல் அடி கவுண்டர் கண்ணாடிக்கு, இரண்டாவது அடி அவள் கணவன் மகேசனின் மணிக்கட்டுக்கு. ஆறு கிழமை மாவுக்கட்டு. மகேசன் நல்ல மனுசன், ஆனால் அன்றைக்குப் பிறகு கதவுமணி அடிக்கும் போதெல்லாம் அவர் கை நடுங்கியது.

“இஞ்சரும், இந்தக் கடை எங்களுக்கு வேண்டாம். வித்துப்போட்டு நான் விரிப் பக்கம் வெயர்ஹவுஸ் ஒண்டிலை வேலைக்குப் போறன்.”

“ஏன் விக்கோணும்? அடிச்சவன் அவன், கடை என்ன செய்தது?”

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சிறு கடைகளுக்கு ஓர் அறக்கட்டளை இலவசமாகப் புகை மெஷின் கொடுத்துக்கொண்டிருந்தது. கவுண்டருக்குக் கீழே ஒரு பட்டன். அமத்தினால் பத்து விநாடியில் கடை முழுக்க வெள்ளைப் புகை நிரம்பும். ஆளுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் கள்ளனுக்குத் தன் மூக்கே தெரியாது. நவம்பர் 30க்குள் விண்ணப்பம் போக வேண்டும். விண்ணப்பம் போய்விட்டால் கடை இருக்கும். போகாவிட்டால் டிசம்பர் முதலாம் தேதி விற்பனை ஏஜெண்ட் வந்து பலகை நட்டுவிடுவார்.

விண்ணப்பத்தோடு ஒரு சமூக அமைப்பின் கடிதம் வேண்டும். ‘இன்னார் எங்களுக்குத் தெரிந்தவர், கடை வைத்திருக்கிறார், அவருடைய கடையில் கொள்ளை நடந்தது உண்மை.’ மொத்தம் நான்கு வரி. அதையும் புஷ்பவதியே டைப் செய்து, மார்ச் மாதக் கூட்டத்துக்கு அந்தக் கடிதத்தோடும் நாற்பது உளுந்து வடையோடும் போனாள்.

கூட்டம் பிளாட் புஷ்ஷில் தலைவர் செல்வரத்தினத்தின் இரட்டைக் கராஜில் நடந்தது. காரை வெளியே எடுத்துவிட்டு, கம்பளம் விரித்து, மடக்குக் கதிரை போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏற்றியவுடன் மேலே இருந்த புகை அலாரம் கத்தியது. ஒருவர் கதிரைமேல் ஏறி அதை நிற்பாட்டினார். இதுவும் நிகழ்ச்சி நிரலின் ஒரு பகுதி என்பது போல எல்லோரும் அமைதியாக நின்றார்கள்.

செல்வரத்தினம் கொழும்பில் ஏதோ ஒரு திணைக்களத்தில் முப்பது வருடம் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அவர் எழுந்தார்.

“சபையோரே! எங்களிட்டைத் துவக்கு இல்லை எண்டு சில பேர் நக்கலடிக்கினம். நான் கேக்கிறன், துவக்கு இருந்தால் என்ன நடக்கும்? சுட வேண்டி வரும். சுட்டால் குறி தவறும். தவறினால் விமர்சனம் வரும். துவக்கே இல்லாதபடியாலை, இந்தப் பேரவை இண்டுவரைக்கும் ஒரு தரம்கூடக் குறி தவறேல்லை!”

கைதட்டல் அலாரத்தைவிடப் பலமாக இருந்தது.

புஷ்பவதி கடிதத்தை நீட்டினாள். தலைவர் அதைத் தொடாமலே சுவரைக் காட்டினார். சுவரில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. அவளுடைய கடிதம் ‘உறுப்பினர் விண்ணப்பங்கள்’ என்பதற்குள் வரும். அது ஐந்தாம் பொருள். பேரவையின் சட்டதிட்டமான யாப்பில் ஒன்பதாம் பிரிவின்படி ஒரு பொருளை ஏகமனதாக முடிக்காமல் அடுத்த பொருளுக்குப் போகக் கூடாது. நான்காம் பொருள் ‘தற்காப்புச் சூட்டில் மறுநிரப்பல் முறை’. அது போன வருடம் ஆவணி மாதம் தொடங்கியது.

“அது எப்ப ஐயா முடியும்?”

“ஏகமனதா முடிஞ்சவுடனை முடியும் தங்கச்சி.”

“ஐயா, நான் ஒண்டு கேக்கலாமோ? இந்த நாட்டிலை தற்காப்புக்கெண்டு கடையிலை துவக்கு வைக்கவே ஏலாதெல்லோ? கிளப்பிலை குறி பாத்துச் சுடுறவைக்குத்தானே கைத்துவக்குக்கு லைசென்ஸ் குடுக்கினம்?”

செல்வரத்தினம் அவளை வாஞ்சையோடு பார்த்தார்.

“நல்ல கேள்வி. அது சட்ட விவகாரம். ஆறாம் பொருள்.”

சரி, நான்காம் பொருள்தான் என்ன என்று பார்க்க உட்கார்ந்தாள். முதலில் எழுந்தவர் கவிநேசன். சிங்கப்பூர்க்காரர், அங்கே தேசிய சேவையில் இரண்டு வருடம் இருந்தவர். ராணுவத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டால் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, “அதெல்லாம் வெளிய சொல்ல முடியாது லா” என்பார். அவர் இருந்தது சமையற்கூடம் என்பது அவர் வைக்கிற சம்பாலைச் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும்.

“எம்டி மேகசின் குப்பை லா அண்ணே! கீழ விடு, புதுசு போடு, சுடு. அவ்ளோதான். திருடன் முன்னால நிக்கிறப்போ அத பத்திரமா பாக்கெட்ல வெச்சிட்டு இருப்பீங்களா?”

“கீழ போட்டா என்னாகும்னு யோசிச்சீங்களா?” என்று எழுந்தார் செயலாளர் விநாயகமூர்த்தி. கோயம்புத்தூர்க்காரர். விரியில் ஒரு பெரிய வெயர்ஹவுஸில் பணியிடப் பாதுகாப்பு அதிகாரி. தூங்கும்போதும் ஒளிரும் மஞ்சள் உடுப்பைக் கழற்றமாட்டார் என்று பேச்சு. “கடைத் தரையில உலோகப் பொருள் கெடக்குது. ஒரு கஸ்டமர் வர்றாங்க. வழுக்குறாங்க. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி யாருங்க பொறுப்பு? கடைக்காரங்க! அட, அந்தத் திருடனே வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சா?”

“அவனத்தான் சுடுறோமே லா!”

“சுடறது வேற, வழுக்கி விழறது வேறங்க. வழுக்கறத நாம தடுத்திருக்க முடியும்.”

இதுதான் நான்காம் பொருள். காலி மேகசினைக் கீழே விடச் சொன்னவர்கள் விடுவோர் அணி. பையில் வைக்கச் சொன்னவர்கள் வைப்போர் அணி. அண்ணனும் தம்பியும் அணி மாறிப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. ஒரு கல்யாணத்தில் இரண்டு அணிக்கும் தனித்தனிப் பந்தி போட்டார்கள். புஷ்பவதிக்குத் தலை சுற்றியது. ஊரில் சண்டைக் காலத்தில் அவள் துவக்கை நிறையவே கண்டிருக்கிறாள். காலியான பிறகு அதை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று நின்று பார்க்க மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் செய்த ஒரே பிழை, கடையிலிருந்து நேரே வந்ததுதான். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுக்கும்போது, பொருட்களில் விலைச் சீட்டு ஒட்டும் மெஷின் வெளியே வந்து விழுந்தது. கைப்பிடி, விசை, முன்னால் ஒரு மூக்கு. விசையை இழுத்தால் ‘டக்’கென்று ஒரு சீட்டு ஒட்டும். சீட்டுச் சுருள் தீர்ந்தால் மூடியைத் திறந்து புதுச் சுருள் போட வேண்டும்.

கவிநேசன் அதைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கராஜ் கதவைக் குறிபார்த்தார்.

“இது போதும் லா,” என்றார் கரகரத்த குரலில்.

சபை அதைப் ‘பயிற்சி ஆயுதம் எண் 1’ என்று குறிப்பேட்டில் ஏற்றியது. இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரியில் வைத்து, ஒரு சாவியைத் தலைவரும் மறு சாவியைச் செயலாளரும் எடுத்துக்கொண்டார்கள். புஷ்பவதி அன்றிலிருந்து தகரப் பேணிகளில் மார்க்கரால் விலை எழுதினாள்.

ஏப்ரல் கூட்டத்தில் சுருள் மாற்றும் பந்தயம் நடந்தது. கவிநேசன் பழைய சுருளைத் தரையில் விட்டு ஒன்பது விநாடியில் மாற்றினார். விநாயகமூர்த்தி பையில் வைத்து ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஆனால் அவர் காயமில்லாமல் மாற்றினார் என்று வைப்போர் அணி சுட்டிக்காட்டியது. மே மாதம் தலைவர் நெற்றியில் இரண்டு டொலர் எண்பது சதம் என்று ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டது. யாருக்கும் சொல்லத் தைரியமில்லை. முக்கால் மணி நேரம் அந்த விலையிலேயே பேசினார்.

ஜூனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பத்மாவதி ரீச்சர் எழுந்து, “காலுக்குக் கீழை ஒரு வாளியை வைச்சால் என்ன? விடுறதும் சரி, தரையிலை விழாததும் சரி,” என்றார். புஷ்பவதிக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டினாள். கடவுளே, முடிந்துவிட்டது, அடுத்தது ஐந்தாம் பொருள்!

“வாளி இடப் பக்கமா, வலப் பக்கமாங்க?” என்றார் விநாயகமூர்த்தி.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வாளிக்குப் போயிற்று. வாளி உபகுழு என்று ஐந்து பேர். இடக்கைக்காரர் நலன் பேண இன்னும் இருவர். அக்டோபரில் வாளி அணி என்று மூன்றாவது அணி பிறந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் புஷ்பவதி கடிதத்தோடு எழுவாள், ‘ஐந்தாம் பொருள்’ என்பார்கள், உட்காருவாள். வேறு ஏதாவது வழியில் கேட்டால், “அது ஏழாம் பொருள் தங்கச்சி, வேறு விடயங்கள்,” என்பார் தலைவர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாற்பது வடை.

“வடையை நிப்பாட்டும்,” என்றார் மகேசன்.

“நிப்பாட்டினால் என்ரை பேரையும் மறந்துபோவினமப்பா!”

நவம்பரில் தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். பேச்சு போதும், களப் பரிசோதனை நடக்கட்டும். உண்மையான கடை, உண்மை மாதிரியே ஒரு கொள்ளை. கடை, புஷ்பவதியின் கடை. கள்ளனாக ஜஸ்வின் வருவான். கவிநேசனுக்குத் தெரிந்த ஒருவரின் மச்சான், நாடகத்தில் நடிப்பவன்; பேரவையில் யாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. நவம்பர் 25, சனிக்கிழமை, பின்னேரம் சரியாக மூன்று மணி. அதில் எந்த முறை வெல்கிறதோ அதோடு நான்காம் பொருள் முடியும்.

“முடிஞ்சவுடனை அங்கையே கையெழுத்து வைக்கிறன்,” என்று தலைவர் கையடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு விண்ணப்பத்துக்கு ஐந்து நாள்தான் இருக்கும். புஷ்பவதி சம்மதித்தாள். மகேசன் இந்தக் கூத்தைப் பார்க்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இரண்டரைக்கே வந்து இறங்கிவிட்டார்கள். எட்டுப் பேர், எட்டு மஞ்சள் உடுப்பு. வாளி வந்தது. ‘கவனம்: காலி மேகசின்’ என்று தமிழில் எழுதிய முக்கோணப் பலகை வந்தது. பக்குரங்காவில் அதை வாசிக்கக்கூடிய அத்தனை பேரும் அப்போது கடைக்குள்ளேயே இருந்தார்கள். கவிநேசன் பயிற்சி ஆயுதத்தோடு கவுண்டருக்குப் பின்னால் நின்றார். பத்மாவதி ரீச்சர் கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். விநாயகமூர்த்தியின் கையில் கிளிப் மாட்டிய அட்டை, சட்டைப் பையில் பேரவையின் சீல்.

இரண்டு ஐம்பதுக்குக் கதவுமணி அடித்தது. கறுப்பு ஹூடி. கையில் சுத்தியல்.

“சிகரெட்டை எடு! எல்லாத்தையும்! சீக்கிரம்!” என்று கத்தினான். ஆங்கிலத்தில்தான் கத்தினான், நான் தமிழில் சொல்கிறேன்.

பேரவை கைதட்டியது.

“சபாஷ்! என்ன குரல்!” என்றார் செல்வரத்தினம். “பத்து நிமிசம் முந்தி வந்திட்டான். பொறுப்பான பெடியன்.”

புஷ்பவதி கைதட்டவில்லை. அவள் கண் சுத்தியலில் நின்றது. பிடியில் சிவப்பு டேப். இது ஜஸ்வின் இல்லை. இவன் அவன். மகேசனின் கையை உடைத்தவன். வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை.

“தம்பி, நில்லுங்க நில்லுங்க,” விநாயகமூர்த்தி கள்ளனிடம் போய் ஆங்கிலத்தில் தொடங்கினார். “பாதுகாப்பு விளக்கம் கேட்காம யாரும் வேலை ஆரம்பிக்கக் கூடாது. அவசர வாசல் அங்க. கூடுற இடம் கார் பார்க். இந்த உடுப்பைப் போடுங்க. இங்க பேரு, போன் நம்பர், ஒவ்வாமை ஏதாவது இருந்தா அதுவும்.”

கள்ளன் சுத்தியலைத் தூக்கினான். எட்டு முகமும் அவனை மலர்ச்சியோடு பார்த்தன. ஒருவர் தலையசைத்து உற்சாகப்படுத்தினார். வாழ்நாளில் அவனை யாரும் இப்படி வரவேற்றிருக்க மாட்டார்கள். சுத்தியல் மெல்ல இறங்கியது.

“என்னய்யா நடக்குது இங்க? ஷூட்டிங்கா?”

“ஆமா லா, யூடியூப்ல போடுவோம்,” என்றார் கவிநேசன், ஆயுதத்தைத் துடைத்தபடி.

அதைக் கேட்டதும் அவன் ஹூடியைச் சரிசெய்துகொண்டான். “கேமரா எந்தப் பக்கம்?” என்றான். கூரை மூலையில் இருந்த கண்காணிப்புக் கேமராவைக் காட்டினார்கள். அவன் அதை நேராகப் பார்த்தான். பிறகு உடுப்பைப் போட்டுக்கொண்டு, பேனாவை வாங்கி, பெயர், தொலைபேசி எண், கச்சான் கடலை ஒவ்வாது என்பது வரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். விநாயகமூர்த்தி அதன்மேல் சீல் குத்தினார். எதைக் கண்டாலும் குத்துகிற கை அது.

“தொடங்கலாம்,” என்றார் தலைவர்.

“எல்லாத்தையும் எடு!” என்று இந்த முறை கேமராவைப் பார்த்துக் கத்தினான். அருமையாக வந்தது. கவிநேசன் ‘டக், டக், டக்’கென்று மூன்று முறை சுட்டார். கள்ளனின் நெஞ்சில் ஒரு டொலர் தொண்ணூறு, ஒரு டொலர் தொண்ணூறு, ஒரு டொலர் தொண்ணூறு. “தீர்ந்திருச்சு! மறுநிரப்பல்!” என்று அலறி மூடியைத் திறந்தார். காலிச் சுருளை விட்டார். அது வாளியின் விளிம்பில் பட்டு, உருண்டு, ஐஸ்கிரீம் பெட்டிக்குக் கீழே போனது.

“பாத்தீங்களா! தரைக்குப் போயிருச்சு!” என்றார் விநாயகமூர்த்தி.

“வாளி வலப் பக்கம் இருந்திருந்தால் போயிராது!” என்றார் பத்மாவதி ரீச்சர்.

“புதுச் சுருள் சிக்கிருச்சு லா, யாராச்சும் கத்திரிக்கோல் குடுங்க!”

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கள்ளன் நடுவில் சுத்தியலோடு, தன் முறை எப்போது என்று தெரியாமல் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறத் தொடங்கியதைப் புஷ்பவதி பார்த்தாள். இவன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தால் முதல் அடி யார் தலையில்? எட்டு மாதம் அவள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஒரு குரல் அவளுக்குள் எழுந்தது. அதைத் திறந்துவிட்டாள்.

“ஒழுங்குப் பிரச்சினை!” என்றாள் செல்வரத்தினத்தின் அதே தோரணையில். எல்லோரும் சட்டென்று வாயை மூடினார்கள். “உள்நுழைவு சரியில்லை. திருப்பி முதல்லையிருந்து செய்யோணும்.” கள்ளனைப் பார்த்து ஆங்கிலத்தில், “தம்பி, பிரமாதமாச் செய்தீங்கள். ஆனால் வாசல்லையிருந்து வாங்கோ. இன்னும் கொஞ்சம் கோபமா. வெளியிலை நில்லுங்கோ, நான் கையைக் காட்டினதும் வாங்கோ.”

“இன்னும் கோபமாவா?”

“ஓம். உங்களாலை ஏலும்.”

அவன் வெளியே போனான். புஷ்பவதி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தி, மேல் பூட்டு, கீழ்ப் பூட்டு, நடுக் கொண்டி மூன்றையும் போட்டாள். பிறகு போனை எடுத்துப் பொலீசுக்கு 111 அமத்தினாள்.

வெளியே அவன் தோளைக் குலுக்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தான். இரண்டு தரம் கண்ணாடியில் தட்டி, “ரெடி!” என்றான். அவள் விரலை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள். மூன்று மணிக்கு ஜஸ்வின் பிளாஸ்டிக் சுத்தியலோடு வந்து சேர்ந்தான். அவனைப் பார்த்ததும் கள்ளனுக்கு முகம் சுண்டிப்போனது. “நான்தான் முதல்ல வந்தேன், எனக்குப் பின்னால நில்லு,” என்றான். பொலீஸ் வந்தபோது இருவரும் வரிசையில் நின்றார்கள். எது நிஜச் சுத்தியல் என்று பார்த்துப் பிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆனது. பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும் என்று கேட்டார்கள். சீல் குத்திய தாளை விநாயகமூர்த்தி அட்டையிலிருந்து கழற்றி நீட்டினார்.

வந்தவன் உண்மைக் கள்ளன் என்பது அப்போதுதான் உள்ளே இருந்தவர்களுக்கு உறைத்தது. செல்வரத்தினம் ஐஸ்கிரீம் பெட்டிமேல் சாய்ந்து தண்ணீர் கேட்டார். கவிநேசனின் கையில் மூடி இன்னும் திறந்தபடியே இருந்தது. பத்மாவதி ரீச்சர் கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தார். மறுநிரப்பலுக்கு இதுவரை இருபத்திரண்டு நிமிடம்.

தண்ணீர் குடித்து முடித்ததும் தலைவருக்கு நிறம் திரும்பியது. இரண்டாவது மிடறில் குரலும் திரும்பியது.

“சபையோரே! இண்டைக்கு எங்கடை முறை வெண்டிட்டுது!”

புஷ்பவதி கடிதத்தை அவர்முன் வைத்தாள். “ஐயா, கையெழுத்து. முடிஞ்சவுடனை வைக்கிறன் எண்டு கையடிச்சுத் தந்தனீங்கள்.”

அவர் கடிதத்தைப் பார்த்தார். சுருளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

“ஆனால் செய்முறை பாதியிலை நிண்டு போச்சே தங்கச்சி. சுருள் உள்ளை போகேல்லை. நாலாம் பொருள் முடியேல்லை எல்லோ?”

அவளுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அந்தச் சுத்தியல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்த நேரம் பக்கத்தில் விநாயகமூர்த்தி, சம்பவ அறிக்கையின் நான்கு பிரதிகளை அட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் தலைவர் கையெழுத்து வேண்டும், சீல் வேண்டும். புஷ்பவதி ஒரு பெருமூச்சு விட்டாள்.

“தாங்கோ தம்பி, நான் வாங்கித் தாறன். நீங்கள் பாவம், களைச்சுப் போனியள்.”

செல்வரத்தினம் ஒரு தாளையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். முப்பது வருடம் அப்படிப் போட்டவர். நான்கு தாளுக்கும் போட்டார், ஐந்தாவதுக்கும் போட்டார். விநாயகமூர்த்தி ஐந்திலும் சீல் குத்தினார். ஐந்தாவதில் இருந்த நான்கு வரியும் அப்பட்டமான உண்மை என்பதால் எனக்கு இதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. விலை ஒட்டும் மெஷினையும் அவள் கவிநேசனின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். சுருளை மாட்ட அவளுக்கு நான்கு விநாடி பிடித்தது. யாரும் நேரம் பார்க்கவில்லை.

டிசம்பர் முதலாம் தேதி ஏஜெண்ட் பலகையோடு வந்தார். மகேசன் அவருக்கு ஒரு ஐஸ்கிரீம் கொடுத்து, “பிறகு பாப்பம்,” என்று அனுப்பிவைத்தார். ஜனவரியில் புகை மெஷின் வந்தது. அதைப் பொருத்திய தொழில்நுட்பக்காரர், ஒரு தடவை அமத்திப் பரீட்சித்துப் பார்க்கலாம், அது இலவசம், நானே திரும்பி வந்து நிரப்பித் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் பேரவைக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு பேர் திறப்பு விழாவுக்கு வந்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள். மெஷினுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இது நான்காம் பொருளின் கனி என்று செல்வரத்தினம் இருபது நிமிடம் பேசினார். மகேசன் கவுண்டருக்குப் பின்னால் புஷ்பவதியின் பக்கத்தில் நின்றார். பெப்ரவரிக்குப் பிறகு அவர் அங்கே நிம்மதியாக நின்றது அன்றைக்குத்தான். கதவுமணி பன்னிரண்டு தரம் அடித்தும் அவர் கை நடுங்கவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கவிநேசன் மெஷினை அண்ணாந்து பார்த்தார்.

“இதுக்குள்ள ஒரு டப்பா இருக்குல்ல? ஒரு தடவ அடிச்சா அது எம்டி ஆயிரும் லா. அப்போ வேற போடணும்.”

மற்றப் பதினொரு தலையும் மேலே திரும்பின.

“எம்டி டப்பாவ என்ன பண்றது?” என்றார் ஒருவர்.

“கீழ விட வேண்டியதுதான் லா.”

“கீழயா? தரையிலயாங்க?” என்றார் விநாயகமூர்த்தி.

“வாளி கார்லை இருக்கு,” என்றார் பத்மாவதி ரீச்சர்.

புஷ்பவதி மகேசனைப் பார்த்தாள். மகேசன் பின்கதவைத் திறந்து வைத்தார். “அமத்தும்,” என்றார்.

அமத்தினாள். பொன்னாடையைத் தள்ளிக்கொண்டு ‘உஸ்ஸ்’ என்று வந்தது புகை. பத்து விநாடிதான். பேரவை மறைந்தது, ரிப்பன் மறைந்தது, மஞ்சள் உடுப்புகூட மறைந்தது. பன்னிரண்டு பேரும் ஒன்றாக இருமினார்கள். நான்காம் பொருள் தொடங்கிய பிறகு அந்தப் பேரவையில் ஏகமனதாக நடந்த முதல் காரியம் அது. புருசனும் பெண்சாதியும் பின்படியில் உட்கார்ந்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து மகேசனுக்கு விக்கல் எடுத்தது.

வெள்ளைப் புகைக்குள்ளிருந்து செல்வரத்தினத்தின் குரல் தடவித் தடவி வந்தது.

“தங்கச்சி! இது... இது எத்தனையாம் பொருள்?”

“ஏழாம் பொருள் ஐயா,” என்றாள் புஷ்பவதி. “வேறு விடயங்கள்.”